திரும்பவும் பாங்க்ரப்சி அடிக்கலாமோ?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றி வந்தன: ஏற்கெனவே ஒருமுறை வங்குரோத்து ஆனவர் மறுபடியும் ஆகலாமா? எழுதியவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தருகிறோம். கூடுதலான கடிதங்கள் கனடாவிலிருந்து வந்தவை, ஆகவே கனடாச் சட்டமே இங்கே பிரதானம்.

ஸ்காபரோ

*2014 இல ஒருக்கா பாங்க்ரப்சி அடிச்சனான். இப்ப திரும்பவும் கழுத்து மட்டும் கடன். ரெண்டாம் தரமும் விடுவாங்களோ?*

விடுவார்கள். இத்தனை தடவைதான் என்று கனடாச் சட்டத்தில் எல்லை எதுவும் இல்லை. கடன் குறைந்தது 1,000 டொலர் இருக்க வேண்டும், அதைக் கட்ட வழியில்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தகுதி.

ஆனால் அதற்கு முன் வீட்டிலுள்ள பழைய கோப்பைத் திறந்து ஒரு கடதாசியைத் தேடுங்கள்: முதல் வங்குரோத்திலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்று. மாதாந்த வரவுசெலவுக் கணக்கைக் கொடுக்காமல் விட்டவர்கள், இரண்டு ஆலோசனை வகுப்புகளுக்கும் போகாதவர்கள், வங்குரோத்தை நடத்தும் ட்ரஸ்டிக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி முடிக்காதவர்கள் பலருக்கு அந்த விடுவிப்பு கிடைத்தே இருக்காது. பத்து வருடம் போனாலும் சட்டத்தின் கணக்கில் அவர்கள் வங்குரோத்து நிலையிலேயே இருக்கிறார்கள். உங்கள் நிலையும் அதுவானால், பழையதை முடித்துக்கொண்டுதான் புதியதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

மார்க்கம்

*முதல் தரத்துக்கும் ரெண்டாம் தரத்துக்கும் என்ன வித்தியாசம்? அதே படிவம்தானே?*

படிவம் அதேதான். காலம் வேறு, காலம் வேறாவதால் காசும் வேறு.

முதல் தடவை, மேலதிக வருமானம் இல்லாதவருக்கு 9 மாதத்தில் விடுவிப்பு தானாகவே வரும். மேலதிக வருமானம் உள்ளவருக்கு 21 மாதம். இரண்டாம் தடவை இவை 24 மாதமாகவும் 36 மாதமாகவும் நீளும். 2009 செப்டெம்பரிலிருந்து இதுதான் விதி.

மேலதிக வருமானம் என்றால் என்ன என்பதை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து, இவ்வளவு இருந்தால் குடும்பம் நடத்தலாம் என்று ஒரு தொகையை மத்திய அரசின் வங்குரோத்து மேற்பார்வை அலுவலகம் வருடந்தோறும் அறிவிக்கிறது. வரியெல்லாம் போய்க் கைக்கு வருவது அந்தத் தொகையைவிட மாதம் 200 டொலரோ அதற்கு மேலோ கூடினால், கூடியதில் பாதியைக் கட்ட வேண்டும். உங்கள் ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் மாதம் 600 டொலர் கூடுகிறது என்று வையுங்கள். கட்ட வேண்டியது 300. முதல் தடவையானால் 21 மாதத்துக்கு 6,300 டொலர். இரண்டாம் தடவையானால் 36 மாதத்துக்கு 10,800. அதே ஆள், அதே சம்பளம், 4,500 டொலர் அதிகம். ஓவர்டைம் செய்தால் அதிலும் பாதி போகும், மூன்று வருடத்துக்கும்.

ஏஜாக்ஸ்

*மூண்டாம் தரம்?*

மூன்றாம் தடவை தானாக வரும் விடுவிப்பு கிடையாது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ட்ரஸ்டி உங்களைப் பற்றி ஒரு அறிக்கை எழுதிக் கொடுப்பார். விசாரிப்பவர் முழு விடுவிப்புத் தரலாம், இவ்வளவு கட்டினால்தான் என்று நிபந்தனை போடலாம், தேதியைத் தள்ளி வைக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

அங்கே வெறும் மன்னிப்போடு போய் நிற்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்பதற்கு ஆதாரம் கொண்டுபோங்கள்: வேலை போன கடிதம், வைத்தியரின் கடிதம், விவாகரத்துத் தீர்ப்பு, இப்போதைய மாதக் கணக்கு. இந்தத் தடவை என்ன மாற்றினீர்கள் என்பதைக் காட்டுகிறவரின் வழக்கு வேறு விதமாகக் கேட்கப்படும்.

மிசிசாகா

*முந்தி ஒருக்கா புரப்போசல் போட்டுக் கட்டி முடிச்சனான். அது ஒரு பாங்க்ரப்சி எண்டு கணக்கெடுப்பாங்களோ?*

இல்லை. புரப்போசல் என்பது கடன் கொடுத்தவர்களோடு செய்யும் தவணை ஒப்பந்தம், வங்குரோத்து அல்ல. நீங்கள் இப்போது வங்குரோத்துப் போட்டால் அது உங்கள் முதல் வங்குரோத்துதான், 9 அல்லது 21 மாதக் கணக்குத்தான். உங்கள் விடுவிப்பை யாராவது எதிர்த்து, விடயம் நீதிமன்றத்துக்குப் போனால் மட்டும் பழைய புரப்போசலையும் அங்கே பார்ப்பார்கள்.

பிரம்டன்

*ட்ரக் ஓட்டுறன். 2011 இல ஒருக்கா பாங்க்ரப்சி. இப்ப 70,000 டொலர் கடன், வீடும் இருக்கு. ரெண்டாம் தரம் அடிக்கிறதை விட்டா வேற வழி இல்லையோ?*

தம்பி, உங்களுக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். இரண்டாம் தடவைக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காமலேயே பலர் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள்.

கன்சியூமர் புரப்போசல் என்பது, கடன் கொடுத்தவர்களிடம் "முழுவதும் முடியாது, இவ்வளவு தருகிறேன், இத்தனை மாதத்தில் தருகிறேன்" என்று ட்ரஸ்டி மூலம் சட்டப்படி எழுதிக் கொடுப்பது. வீட்டு மோட்கேஜ் தவிர்ந்த கடன் 250,000 டொலருக்குள் இருக்க வேண்டும். ஆகக் கூடியது 5 வருடம். அவர்களுக்கு யோசிக்க 45 நாள். கடன்தொகையில் பெரும்பான்மை வைத்திருப்பவர்கள் சம்மதித்தால், சம்மதிக்காத மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். எதிர்ப்பு வராவிட்டால் சம்மதம் என்றே எடுக்கப்படும்.

கடன்காரர் ஏன் சம்மதிப்பார்? வங்குரோத்தில் கிடைப்பதைவிடக் கூடக் கிடைத்தால் சம்மதிப்பார். மேலே மார்க்கம் வாசகருக்குப் போட்ட கணக்கை எடுங்கள். இரண்டாம் வங்குரோத்தில் அவர்களுக்கு 10,800 போகும். நீங்கள் மாதம் 200 டொலர்படி 60 மாதத்துக்கு 12,000 தருகிறேன் என்றால் அவர்களுக்கு 1,200 லாபம், உங்களுக்கு மாதம் 300 என்பது 200 ஆகிறது. ஓவர்டைம் காசு உங்களுக்கே. வீட்டில் விலைக்கும் மோட்கேஜுக்கும் இடையில் உங்கள் பங்காக ஏதாவது இருந்தால் அந்தப் பெறுமதியையும் சேர்த்துத்தான் தொகையைக் கூட்டச் சொல்வார்கள். ஆனால் மோட்கேஜை ஒழுங்காகக் கட்டிவந்தால் வீடு உங்களிடம் இருக்கும். இரண்டாம் வங்குரோத்து என்ற பதிவும் விழாது.

ஒரு ஆபத்தும் உண்டு. மூன்று மாதத் தவணை நிலுவையானால் புரப்போசல் தானாகவே ரத்தாகும். கட்டியது போக மீதிப் பழைய கடன் திரும்ப வரும், போன் அடிக்கத் தொடங்கும், அதே கடனுக்கு இன்னொரு புரப்போசல் போடும் வழியும் பெரும்பாலும் அடைபடும். ஆகவே ட்ரக் நிற்கும் மாதங்களையும் பனிக்கால மாதங்களையும் கணக்கில் வைத்து, நல்ல மாதத்தை வைத்து அல்லாமல் மோசமான மாதத்தை வைத்துத் தவணையை முடிவு செய்யுங்கள்.

ஸ்காபரோ

*வருத்தக்கார அம்மாவை ஸ்பொன்சர் பண்ண வேணும். பாங்க்ரப்சி பாதிக்குமோ?*

அக்கா, பாதிக்கும். விடுவிப்புக் கிடைக்காத வங்குரோத்து நிலையிலுள்ளவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று குடிவரவு விதியிலேயே எழுதியிருக்கிறது. அம்மா அப்பாவுக்கு மட்டுமல்ல, கணவனுக்கும் மனைவிக்கும் அதே விதிதான்.

இப்போது காலத்தைச் சேர்த்துப் பாருங்கள். முதல் தடவையானால் 9 மாதமோ 21 மாதமோ பொறுத்தால் போதும். இரண்டாம் தடவையானால் இரண்டு வருடம் அல்லது மூன்று வருடம். மூன்றாம் தடவையானால் நீதிமன்றம் சொல்லும் வரை. வயதுபோன தாயைக் கூப்பிடக் காத்திருக்கும் பிள்ளைக்கு மூன்று வருடம் என்பது எவ்வளவு பெரிய காலம்! புரப்போசலுக்கு இந்தத் தடை இல்லை. வருமானத் தகுதி போன்ற மற்ற நிபந்தனைகள் வழக்கம்போல் இருக்கும். ட்ரஸ்டியோடு கதைக்கும்போது ஸ்பொன்சர் திட்டம் இருக்கிறது என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எற்றோபிக்கோ

*என்ர பி.ஆர். போகுமோ? சிட்டிசன்ஷிப் கிடைக்காதோ?*

வங்குரோத்து ஆனதற்காக நிரந்தர வதிவுரிமை போகாது, குடியுரிமையும் மறுக்கப்படாது. நிம்மதியாக இருங்கள்.

மார்க்கம்

*கோப்பாயில அப்பா எழுதித் தந்த காணி இருக்கு. அது இலங்கையில தானே, இஞ்ச சொல்ல வேணுமோ?*

சொல்லத்தான் வேண்டும். கனடாச் சட்டம் சொத்து எங்கே இருந்தாலும் சேர்த்துத்தான் பார்க்கிறது. யாழ்ப்பாணத்துக் காணி, கொழும்பு வங்கியில் கிடக்கும் நிலையான வைப்பு, சென்னையில் வாங்கிய பிளாட், எல்லாமே பட்டியலில் வர வேண்டும். மறைத்தது தெரியவந்தால் அது குற்றம். மூன்று வருடம் வரை சிறை வைக்க இடமுண்டு. தெரியவராமல் போகுமா என்று கணக்குப் போட வேண்டாம். சொந்தத்துக்குள் ஒரு சண்டை வந்தால் முதலில் வெளியே வருவது காணிக் கதைதான்.

முதுசமாக உங்களுக்கு வந்தது உங்களுடைய சொத்து. தேசவழமைப்படி மனைவிக்கு வந்த சீதனக் காணி மனைவியின் தனிச் சொத்து, அது உங்கள் கடனோடு சேராது. இரண்டின் உறுதிகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். விற்க முடியாத பங்குக் காணி என்றால் அதையும் சொல்லுங்கள். பெறுமதியை மதிப்பிட்டு, அதற்கு ஈடான தொகையைத் தவணையில் கட்டச் சம்மதித்துக் காணியைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

நோர்த் யோர்க்

*மனிசியின்ர தாலிக்கொடி?*

மனைவியின் நகை மனைவியுடையது. வங்குரோத்து உங்களுடையது. கடனுக்கு அவரும் கோ-சைன் வைத்திருந்தால் மட்டும் அந்தக் கடன் அவர் தலையில் முழுதாக நிற்கும், உங்கள் விடுவிப்பு அவரைக் காப்பாற்றாது.

ஸ்காபரோ

*மச்சானிட்ட 15,000 வாங்கினனான். சீட்டு எடுத்தும் இன்னும் ஆறு மாதம் கட்டக் கிடக்கு. பாங்க்ரப்சி அடிக்க முதல் இந்த ரெண்டையும் முடிச்சுப்போட்டு அடிச்சா மரியாதையா இருக்கும் எண்டு நினைக்கிறன். சரியோ?*

உங்கள் மனம் நேர்மையானது. செய்ய நினைப்பது தவறு, மச்சானுக்கும் அது தீங்குதான்.

வங்குரோத்து ஆவதற்கு முந்திய 12 மாதத்துக்குள் சொந்தக்காரருக்குக் கொடுத்த காசை ட்ரஸ்டி திருப்பிக் கேட்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் காலம் 3 மாதம். மச்சான் அந்த 15,000 ஐ வாங்கி மகளின் கலியாணத்துக்குச் செலவழித்த பிறகு, திருப்பிக் கட்டு என்று அவருக்குச் சட்டக் கடிதம் போகும். மரியாதையைக் காப்பாற்றப் போய் உறவே போய்விடும். வீட்டையோ காரையோ குறைந்த விலைக்குச் சொந்தக்காரர் பெயருக்கு மாற்றுவதையும் செய்ய வேண்டாம். அதற்கு 5 வருடம் வரை பின்னால் போய்ப் பார்ப்பார்கள்.

சீட்டுக்காரரும் மச்சானும் வங்கியைப் போலவே கடன் கொடுத்தவர்கள்தான். இரண்டு பெயரையும் பட்டியலில் எழுதுங்கள். எழுதும் முன் நேரில் போய் நீங்களே சொல்லுங்கள். கடிதம் மூலம் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் மனச்சாட்சிக்கு இடம் இருக்கிறது. விடுவிப்புக் கிடைத்த பின் நீங்களாக விரும்பி ஒருவருக்குத் திருப்பிக் கொடுப்பதைச் சட்டம் தடுக்காது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் தன் பதிப்பகம் 1894 இல் முறிந்தபோது கடனாளியானார். அறுபதை நெருங்கும் வயதில் 1895 இல் உலகைச் சுற்றிச் சொற்பொழிவுக்குக் கிளம்பினார். 1896 ஜனவரியில் கொழும்புக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும் போனார். சட்டப்படி முழுவதையும் கட்ட வேண்டிய நிலையில் இல்லாதபோதும் 1898 க்குள் எல்லாருக்கும் முழுதாகக் கட்டி முடித்தார். முதலில் சட்டத்தின் பாதுகாப்பை எடுத்தார், பிறகு கட்டினார். நீங்களும் அந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

வான்

*பேப்பரில பேர் வருமோ? கோயிலில எப்பிடி முகம் காட்டுறது?*

தங்கச்சி, விற்கக்கூடிய சொத்து 15,000 டொலருக்கு மேல் இல்லாத சாதாரண வழக்குகளில் பத்திரிகை விளம்பரம் கிடையாது. மத்திய அரசின் பதிவேட்டில் பெயர் இருக்கும். யாராவது காசு கட்டித் தேடினால்தான் தெரியும். கோயிலில் நிற்பவர்கள் அப்படித் தேடப் போவதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொன்று எழுதியிருக்கிறீர்கள்: வெளியே தெரியக்கூடாது என்பதற்காக ஒன்றரை வருடமாக ஒரு கார்டிலிருந்து எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டி வருகிறீர்கள். எனக்குப் பயம் தருவது அதுதான். அந்த ஒன்றரை வருடத்தில் பிள்ளைகளின் படிப்புக் காசும், உங்கள் ஓய்வூதியச் சேமிப்பும் பெருமளவு கரைந்துவிட்டன. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் கடைசி 12 மாதத்துக்குள் போட்டதைத் தவிர மற்றதெல்லாம் வங்குரோத்தில் பாதுகாக்கப்பட்ட காசு. கடன்காரர் தொட முடியாத காசை நீங்களே எடுத்துக் கடன்காரரிடம் கொடுத்திருக்கிறீர்கள். மிஞ்சியிருப்பதை இன்றோடு தொடாதீர்கள். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை வெட்கம் கூடத்தான். அந்த வெட்கத்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

ஒஷாவா

*ரெண்டாம் தரம் அடிக்காமல் தப்ப, பேடே லோன் எடுத்துச் சமாளிக்கலாமோ?*

வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து கனடாவில் 100 டொலருக்கு ஆகக் கூடிய கட்டணம் 14 டொலர். இரண்டு வாரத்துக்கு 14 என்றால் வருடத்துக்கு 364 வீதம். சாதாரணக் கடனுக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி வாங்குவதே கனடாவில் குற்றம். பேடே லோன் கடைகளுக்குத் தனி விதி. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றி நிரப்ப முடியாது.

பிக்கரிங்

*மகனுக்கு 31 வயது. 24 இல ஒருக்கா பாங்க்ரப்சி. இப்ப திரும்பவும் 48,000 கடன். ஒன்லைன் சூது எண்டு இப்பதான் தெரியும். என்ர ஓய்வுக் காசை எடுத்துக் கட்டலாம் எண்டு யோசிக்கிறன்.*

ஐயா, அந்தக் காசைத் தொடாதீர்கள். கல் மனத்தோடு சொல்லவில்லை. உங்கள் மகன் மீது அக்கறை வைத்துத்தான் சொல்கிறேன். 48,000 கட்டப்பட்ட மறுநாளே கார்டுகளின் எல்லை திரும்பத் திறந்துகொள்ளும். கடன் போய்விடும், பழக்கம் இருக்கும், உங்கள் காசு இருக்காது.

2022 ஏப்ரல் 4 ஆம் தேதி ஒன்ராறியோவில் தனியார் ஒன்லைன் சூது சட்டப்படி திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு ஹொக்கி ஆட்டம் பார்க்கும் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் சூது குடிவந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில், வேலை இடைவேளையில், நடுச்சாமத்தில் கூட. அதை ஒழுக்கக் கேடு என்று மட்டும் பார்த்துத் திட்டித் தீர்க்காதீர்கள். அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

ஆகவே ஒழுங்கு இது. முதலில் எல்லாச் செயலிகளிலும் சுயவிலக்கு எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற சேவை இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக, இரகசியமாக உதவுகிறது. மகனே அழைக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அதன் பிறகு ட்ரஸ்டி. சூதினால் வந்த வங்குரோத்து என்றால் விடுவிப்பை எதிர்க்க அது ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே மறைக்காமல் சொல்லி, சிகிச்சைக்குப் போவதற்கான கடிதத்தையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். மறைத்துப் போனவரைவிடச் சொல்லிப் போனவர் நல்ல இடத்தில் இருப்பார். நீங்கள் எந்தப் புதிய கடனுக்கும் கோ-சைன் வைக்காதீர்கள். காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அவனுடைய வாடகையை நேரே வீட்டுக்காரருக்குக் கட்டுங்கள்.

ஹமில்டன்

*சி.ஆர்.ஏ. வரிக்கடனும் போகுமோ?*

போகும். தனிநபர் வருமான வரி, உங்கள் பெயரில் நடத்திய வியாபாரத்தின் எச்.எஸ்.டி. இரண்டும் சேரும். ஆனால் வருமான வரிக் கடன் 200,000 டொலரோ அதற்கு மேலோ இருந்து, ஈடு வைக்காத மொத்தக் கடனில் அது முக்கால்வாசியை எட்டினால், முதல் தடவையானாலும் நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும்.

வாட்டர்லூ

*ஸ்டுடன்ட் லோன்?*

அரசாங்க மாணவர் கடன், நீங்கள் படிப்பை நிறுத்தி 7 வருடம் ஆகியிருந்தால்தான் போகும். இடையில் ஒரு கோர்ஸ் எடுத்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணக்கூடும் என்பதால், போடும் முன் தேதியை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். பிள்ளைச் செலவுக் காசு, நீதிமன்ற அபராதம், ஏமாற்றி வாங்கிய கடன் இவை எத்தனையாம் தடவையானாலும் போகாது.

நியூ ஜேர்சி

*அமெரிக்காவிலும் 24 மாதம், 36 மாதம்தானா?*

இல்லை. கனடாவில் இரண்டாம் தடவை நுழைவது சுலபம், உள்ளே இருக்கும் காலம்தான் நீளம். அமெரிக்காவில் இரண்டு தடவைக்கும் இடையில் இருக்க வேண்டிய காலம்தான் நீளம்.

அமெரிக்க வங்குரோத்துச் சட்டத்தில், சொத்தை விற்றுக் கடனை முடிக்கும் அத்தியாயம் 7 இல் ஒருமுறை விடுவிப்பு வாங்கியவர், முதல் வழக்குப் போட்ட தேதியிலிருந்து 8 வருடம் கழித்தே மறுபடி அதே 7 இல் விடுவிப்பு வாங்கலாம். 2005 க்கு முன் அது 6 வருடம். மூன்றிலிருந்து ஐந்து வருடத் தவணையில் கட்டும் அத்தியாயம் 13 க்கு, 7 இலிருந்து வந்தால் 4 வருடம், 13 இலிருந்தே வந்தால் 2 வருடம். 13 இலிருந்து 7 க்குப் போனால் 6 வருடம், முன்னர் கடனை முழுதாகவோ பெரும்பகுதியோ கட்டியவருக்கு விலக்கு உண்டு.

இந்தக் காலமெல்லாம் விடுவிப்புக்குத்தான். வழக்கைப் போடவே முடியாது என்பதல்ல. கன்சாஸ் விவசாயி ஒருவர் பண்ணைக் கடனுக்கு 7 இல் விடுவிப்பு வாங்கி, பண்ணை ஏலத்துக்குப் போகும் முன் 13 போட்டார். அடைமானத்தைத் தவணையில் கட்ட அவகாசம் கேட்டார். 13 இன் கீழ் அப்படிக் கேட்கத் தடையில்லை என்று 1991 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழும் பதின்மூன்றும் சேர்ந்த அந்த வழியை அங்கே வழக்கறிஞர்கள் அத்தியாயம் 20 என்று சொல்வார்கள்.

கவனிக்க வேண்டிய பொறி வேறு. ஒரு வழக்கு தள்ளுபடியாகி ஒரு வருடத்துக்குள் இரண்டாவதைப் போட்டால், கடன்காரரைத் தடுக்கும் பாதுகாப்பு 30 நாளில் முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் அந்த 30 நாளுக்குள் நீதிபதியிடம் கேட்டு விசாரணையும் முடிய வேண்டும். அதே வருடத்தில் இரண்டு வழக்குத் தள்ளுபடியாகி மூன்றாவதைப் போட்டால், முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இல்லை. வீட்டை ஏலத்திலிருந்து காக்க அவசரத்தில் போட்டு, படிவம் கொடுக்காமல் தள்ளுபடியாக விட்டு, மறுபடி போடுபவர்கள் இதில்தான் வீட்டை இழக்கிறார்கள்.

டிட்ரோயிட்

*ட்ரம்ப் ஆறு தரம் வங்குரோத்து எண்டு சொல்லினமே. அவருக்கு மட்டும் என்ன சலுகை?*

அவை அவருடைய கம்பனிகளின் வழக்குகள். 1991 இல் அட்லாண்டிக் சிற்றி தாஜ்மகால் சூதாட்ட விடுதியில் தொடங்கி 2009 வரை, எல்லாமே நிறுவனங்களுக்கான அத்தியாயம் 11. தனி மனிதராக அவர் ஒருமுறையும் போட்டதில்லை. இரண்டு தடவை தன் பெயரிலேயே போட்ட பிரபலம் வேண்டுமென்றால் பாடகி டோனி பிராக்ஸ்டன். 1998 இல் ஒருமுறை. 2008 இல் உடல்நலக் குறைவால் லாஸ் வேகஸ் நிகழ்ச்சி நின்றுபோக, 2010 இல் இரண்டாம் முறை. கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்றவரும் நோய் வந்தபோது விழுந்தார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வேலை செய்பவர் விழுந்ததற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

லண்டன்

*இஞ்ச எப்பிடி?*

இங்கிலாந்தில் வங்குரோத்திலிருந்து வழக்கமாக 12 மாதத்தில் விடுவிப்பு, இரண்டாம் தடவைக்கும் அதுவே. ஆனால் முந்திய 6 வருடத்துக்குள் நீங்கள் விடுவிக்கப்படாத வங்குரோத்து நிலையில் இருந்திருந்தால், அதைக் கணக்கிலெடுத்து 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்பாடுகள் விதிக்கலாம்.

மொன்றியல்

*கிரெடிட் எப்ப சரியா வரும்?*

முதல் வங்குரோத்துப் பதிவு விடுவிப்புக்குப் பின் 6 அல்லது 7 வருடம் நிற்கும். இரண்டாவது 14 வருடம். 40 வயதில் போட்டவருக்கு ஐம்பது தாண்டித்தான் அழியும். புரப்போசல் இருக்க ஏன் இரண்டாம் வங்குரோத்து என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவும் காரணம்.

பிரம்டன்

*மனிசிக்குத் தெரியாமல் செய்யலாமோ?*

பெரும்பாலும் முடியாது. மாதாமாதம் வீட்டு வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும், அவருடைய சம்பளமும் அதில் வரும். இன்றிரவே சொல்லுங்கள். ட்ரஸ்டியிடம் இரண்டு பேருமாகப் போங்கள்.

ஸ்காபரோ

*ஒரு "கடன் ஆலோசகர்" 2,500 டொலர் கேட்கிறார். எல்லாத்தையும் தானே முடிச்சுத் தாறாராம். குடுக்கலாமோ? சம்பளத்திலயும் பிடிக்கத் தொடங்கீட்டாங்கள்.*

கொடுக்காதீர்கள். வங்குரோத்தையும் கன்சியூமர் புரப்போசலையும் போடும் அதிகாரம் அரசின் அனுமதி பெற்ற ட்ரஸ்டிக்கு மட்டும்தான். அந்த ஆலோசகர் உங்கள் 2,500 ஐ வாங்கிக்கொண்டு கடைசியில் உங்களை ஒரு ட்ரஸ்டியிடம்தான் அனுப்புவார். அவருக்கு நீங்கள் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலான ட்ரஸ்டிகள் முதல் சந்திப்புக்குக் காசு வாங்குவதில்லை. பெயர் உண்மையானதா என்று மத்திய அரசின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். இரண்டு பேரிடமாவது போய்க் கேளுங்கள். மொழி கஷ்டமென்றால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கடைசி மூன்று சம்பளத் துண்டு, வரி மதிப்பீட்டுக் கடிதம், எல்லாக் கடன் கணக்குகளும், வீட்டு மோட்கேஜ் கடதாசி, காணி உறுதி, முதல் வங்குரோத்தின் விடுவிப்புச் சான்று. வங்குரோத்தோ புரப்போசலோ பதிவான அன்றே சம்பளத்தில் பிடிப்பது நிற்க வேண்டும், இரண்டாம் தடவையானாலும். பிள்ளைச் செலவுக்குப் பிடிப்பது மட்டும் தொடரும். பதிவான கடிதத்தின் பிரதியை அன்றைக்கே உங்கள் வேலையிடத்தின் சம்பளப் பகுதிக்கு அனுப்பச் சொல்லி, அனுப்பியாயிற்றா என்று மாலையில் ஒருமுறை போன் எடுத்துக் கேளுங்கள்.